கச்சேரிக் கணக்கு

ஸங்கீத வித்வானைக் கதாநாயகனாக வைத்து எழுதப்படும் கதைகளில் பொதுவாக ஒரு குறை உண்டு. கதை தொடங்கும்போதே அவர் மேடை ஏறி உட்கார்ந்துவிடுகிறார். சுருதி சேர்ந்துவிடுகிறது, ஜனங்கள் வந்துவிடுகிறார்கள், முதல் வரிசையில் கதாநாயகியும் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். வித்வானை அந்த ஊருக்கு யார் அழைத்தார்கள், என்ன தொகை பேசினார்கள், அதில் பக்கவாத்தியக்காரர்களுக்கு எவ்வளவு, வண்டிச் சத்தம் யார் பொறுப்பு, பேசிய தொகை பேசியபடி கைக்கு வந்ததா என்பதைப் பற்றியெல்லாம் ஆசிரியர் மூச்சுக் காட்டமாட்டார். காட்டினால் கலையின் புனிதம் கெட்டுவிடும் என்று பயம் போலும். ராக வர்ணனை மட்டும் மூன்று பக்கத்துக்குக் குறையாது. மூன்று பக்கத்தையும் படித்து முடித்த பிறகும் அந்த ராகம் நம் காதில் விழுவதில்லை.

இது நம் கதைகளுக்கு மட்டும் உரிய குறை அல்ல. மேல்நாட்டார் எழுதியவற்றிலும் இதே கதைதான். அவர்களில் அதிகமாகக் கதையாக்கப்பட்ட ஸங்கீதக்காரர் மோஸார்ட். எந்தப் பிரபுவின் சம்பளமும் இல்லாமல், கச்சேரி கச்சேரியாகத் தாமே ஏற்பாடு செய்து பிழைக்க முயன்றவர்களில் முன்னோடி என்று அவரைச் சொல்லலாம். அப்படிப்பட்டவரைப் பற்றிய கதைகளிலேயே கச்சேரி எப்படி ஏற்பாடாயிற்று என்ற விஷயம் காணாமல் போயிருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

ஜெர்மன் கவி மோரிக்கே 1855-ல் வெளியிட்ட ‘பிராகுக்குப் போகும் வழியில் மோஸார்ட்’ என்ற நெடுங்கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அழகான கதை. மோஸார்ட்டும் மனைவியும் தங்கள் புது நாடகத்தை அரங்கேற்றப் பிராகுக்குப் போகிறார்கள். வழியில் ஒரு பிரபுவின் தோட்டத்துக்குள் நுழைந்து, ஏதோ ஞாபகத்தில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைப் பறித்துவிடுகிறார். தோட்டக்காரன் பிடித்துக்கொள்கிறான். ஆள் யாரென்று தெரிந்ததும் மாளிகையில் விருந்து, வாசிப்பு, சிரிப்பு. மறுநாள் பிரபு ஒரு வண்டியையே வெகுமதியாகக் கொடுத்து அனுப்புகிறார். மரணத்தின் நிழல் கதை முழுவதும் மெல்லப் படர்ந்திருப்பதை மோரிக்கே வெகு நயமாகச் செய்திருக்கிறார். ஆனால் வாசிப்புக்கு வண்டி வந்து நிற்கும் உலகம் அது. அங்கே யாரும் யாரிடமும் தொகை கேட்பதில்லை.

அடுத்தது பீட்டர் ஷாஃபரின் ‘அமடியஸ்’ நாடகம். 1979-ல் மேடையேறி, 1984-ல் திரைப்படமாகி உலகமெல்லாம் ஓடியது. நம் வாசகர்களில் பலரும் பார்த்திருப்பார்கள். இதில் பணக் கஷ்டம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குக் காரணமாகக் காட்டப்படுபவர் ஸாலியேரி. அரண்மனை வித்வானான அவர் பொறாமையால் குழி பறிக்கிறார், மோஸார்ட் விழுகிறார். நாடகத்துக்கு வில்லன் வேண்டும், வாஸ்தவம்தான். ஷாஃபர் கெட்டிக்காரர், வில்லனையே கதை சொல்ல வைத்துவிட்டார். இருந்தாலும் ஒரு மனிதனின் பொறாமையைச் சொல்லிவிட்டால் ஒரு காலத்தின் கச்சேரி வியாபாரத்தைச் சொல்ல வேண்டிய தொல்லை விட்டுப்போகிறது. எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது.

சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லிவிட்ட புஸ்தகம் ஒன்று இருக்கிறது. அது கதைப் புஸ்தகம் அல்ல. மோஸார்ட் குடும்பத்தாரின் கடிதங்கள். ஆங்கிலத்தில் எமிலி ஆண்டர்ஸன் என்ற அம்மாள் மொழிபெயர்த்து 1938-ல் மூன்று பாகங்களாக வெளியிட்டார். ஸங்கீதம் கற்றவர்கள் அதை ஸங்கீதத்துக்காகப் படிக்கிறார்கள். நான் நாவலாகப் படித்தேன். நாவலாகப் படித்தால் அதன் முதல் கதாநாயகன் மகன் அல்ல, தகப்பன்.

லியோபோல்ட் மோஸார்ட்டை யாருக்கும் பிடிப்பதில்லை. பிள்ளையை வைத்துக் காசு பார்த்தவர் என்று பெயர். 1763 ஜூன் மாதம் ஏழு வயதுப் பிள்ளையையும் அவன் அக்காளையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஸால்ஸ்பர்கிலிருந்து கிளம்பினார். திரும்பி வந்தது 1766 நவம்பரில். முதல் நாளே வண்டிச் சக்கரம் உடைந்தது. இந்த மூன்றரை வருஷமும் அவர் கடிதம் எழுதியது பெரும்பாலும் ஹாகெனவர் என்ற தம்முடைய வீட்டுக்காரருக்கு. அவர் ஒரு மளிகை வியாபாரி; பிரயாணத்துக்கு ஊர் ஊராகக் கடன் வசதி செய்து கொடுத்தவரும் அவரே. ஆகவே கடிதங்களில் ஆகாயத்தில் பறக்கும் பேச்சு கிடையாது. கடன் கொடுத்த வியாபாரிக்கு எழுதும் கணக்கு அது. கணக்காக இருப்பதாலேயே உயிரோடு இருக்கிறது.

ஆகன் நகரில் ஓர் இளவரசி சிறுவனின் வாசிப்பைக் கேட்டுப் பூரித்துப்போய் அவனை முத்தமாகச் சொரிகிறாள். இந்த முத்தங்கள் பொற்காசாக இருந்தால் நம் பாடு கொண்டாட்டம். விடுதிக்காரனும் தபால் வண்டிக்காரனும் முத்தத்தை வாங்கிக்கொள்வதில்லையே என்ற பொருள்பட எழுதுகிறார் லியோபோல்ட். பிரபுக்கள் கொடுத்த பொடி டப்பிகளும் கடிகாரங்களும் கத்திகளும் சேர்ந்து ஒரு கடையே வைத்துவிடலாம் போலிருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறார். பிரஸ்ஸல்ஸில் அவர்களைக் கேட்பதாகச் சொன்ன இளவரசர், வேட்டையிலும் சாப்பாட்டிலும் மூழ்கி, வாரக்கணக்கில் காக்க வைக்கிறார். விடுதிச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. இன்னொரு ஊருக்குப் போகலாமென்றால் இந்த ஊர்ப் பணம் போய்விடும். இப்படிக் காத்திருப்பதை நம் மேளக்காரர்களும் கூத்துக்காரர்களும் நன்றாக அறிவார்கள். நம் நாவல்கள்தான் அறியவில்லை.

லண்டனில் 1764 ஜூன் 5-ம் தேதி நடந்த கச்சேரியைப் பற்றி அவர் எழுதியிருப்பதை எந்த நாவலாசிரியனும் ஒரு தடவை படித்துப் பார்க்கவேண்டும். தேதியை அவர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. முந்தின நாள் ராஜாவின் பிறந்த நாள்; கிராமத்து மாளிகைகளுக்குப் போயிருந்த பிரபுக்களெல்லாம் அதற்காக ஊருக்குள் வந்திருப்பார்கள். டிக்கெட் அரைக் கினி. மண்டப வாடகை ஐந்து கினி. விளக்கும் நோட்டுத் தாங்கியும் அதில் சேராது. இரண்டு பேர் வாசிக்கும் உருப்படி ஒன்று உண்டாகையால் வாத்தியம் இரண்டு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வாடகை அரைக் கினி. பாடகர் ஒருவருக்கு ஐந்து ஆறு கினி. முதல் பிடில்காரருக்கு மூன்று. சாதாரண வாத்தியக்காரருக்கு அரை. நாற்பது கினி வரை ஆகியிருக்கவேண்டியது, வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் சன்மானம் வேண்டாமென்று சொல்லிவிட்டதால் இருபதோடு முடிந்தது. வரவு மூன்று மணி நேரத்தில் நூறு கினி. லியோபோல்டுக்கு அதிர்ச்சியே உண்டாகிவிட்டதாம்.

இந்தக் கணக்கில் ஒரு நகரமே தெரிகிறது. ராஜா எப்போது பிறந்தார், பிரபு எப்போது ஊரில் இருப்பார், பாடகிக்கும் பிடில்காரருக்கும் மதிப்பில் எவ்வளவு தூரம், ஓர் அதிசயக் குழந்தைக்காக விலை வாங்காமல் வாசிக்கும் பெருந்தன்மை தொழில்காரர்களிடம் எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் நாலு வரியில் வந்துவிடுகிறது. அடுத்த வருஷம் அதே லண்டனில் புதுமை தீர்ந்துவிட்டது. கார்ன்ஹில்லில் ஒரு சாராயக் கடையின் பெரிய அறையில் தினம் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை யார் வேண்டுமானாலும் வந்து குழந்தைகள் வாசிப்பதைக் கேட்கலாம் என்று பத்திரிகையில் விளம்பரம். கட்டணம் இரண்டரை ஷில்லிங். அரைக் கினியில் கால் பங்குக்கும் குறைவு. அரண்மனையிலிருந்து சாராயக் கடைக்கு ஒரே வருஷம். வில்லன் யாரும் தேவைப்படவில்லை.

மகன் பெரியவனாகித் தாயாரோடு 1777-ல் புறப்பட்டபோது, லியோபோல்டுக்கு எஜமானரான ஆர்ச்பிஷப் விடுமுறை தரவில்லை. அவர் வீட்டிலிருந்தே கடிதம் மூலம் கச்சேரி ஏற்பாடு செய்யப் பார்க்கிறார். யாரை முதலில் போய்ப் பார், யாரிடம் வாயைக் கொடுக்காதே, எந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால் ஊரை விட்டுக் கிளம்பு என்று பக்கம் பக்கமாக உபதேசம். படிக்கிறவர்களுக்குச் சில இடங்களில் அலுப்புத் தட்டும் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் மகனுடைய பதில்கள் அபாரம். மன்ஹைமில் அரசர் முன்னால் வாசித்தார். வழிச் செலவுக்குக் காசு வேண்டியிருந்தது. கிடைத்தது ஒரு தங்கக் கடிகாரம். அதோடு கையில் ஐந்து கடிகாரம் சேர்ந்துவிட்டது. கால்சட்டை ஒவ்வொன்றிலும் இன்னொரு கடிகாரப் பை தைத்து இரண்டு கடிகாரத்தை மாட்டிக்கொண்டு போனால், அடுத்த பிரபுவுக்காவது கடிகாரம் கொடுக்கும் எண்ணம் வராது என்று தகப்பனாருக்கு எழுதுகிறார்.

நம் ஊர்ப் பொன்னாடையைப் பற்றி இப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா? சென்ற ஆண்டு ஓர் ஊரில் இலக்கியக் கூட்டம் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு பொன்னாடை, ஒரு சந்தன மாலை, கண்ணாடி போட்ட படம் ஒன்று. பஸ் சார்ஜ் பற்றிப் பேச்சே எழவில்லை. கண்ணாடி உடையாமல் படத்தை வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்காக ஆட்டோவுக்கு நானே கொடுத்தேன். எழுத்தாளன் பாடு இவ்வளவு என்றால், நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மிருதங்கத்தையும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பாட்டைக் கேட்கவேண்டாம்.

பாரிஸில் நடந்த ஒரு சம்பவம் 1778 மே மாதக் கடிதத்தில் வருகிறது. சிறுகதையாகவே நிற்கக்கூடியது. சிபாரிசுக் கடிதத்துடன் ஒரு கோமாட்டியின் வீட்டுக்குப் போகிறார். கணப்பு இல்லாத பெரிய அறையில் அரை மணி நேரம் உட்காரவைக்கிறார்கள். கோமாட்டி வந்து வாசிக்கச் சொல்கிறாள். விரல் விறைத்துப்போயிருக்கிறது, நெருப்புள்ள அறைக்குப் போகலாமா என்று கேட்கிறார். ஆமாம், நியாயம்தான் என்கிறாள். அப்படிச் சொல்லிவிட்டு, சுற்றி உட்கார்ந்த கனவான்களோடு மேஜையில் படம் வரைய ஆரம்பித்துவிடுகிறாள். ஒரு மணி நேரம் போகிறது. ஜன்னலும் கதவும் திறந்தபடி. கடைசியில் குளிரும் தலைவலியுமாக ஒரு மட்டமான பியானோவில் உட்கார்ந்து வாசிக்கிறார். அவர்கள் படம் வரைவதை நிறுத்தவில்லை. நாற்காலிக்கும் மேஜைக்கும் சுவருக்கும் வாசித்ததாக எழுதுகிறார். பாதியில் எழுந்துவிட்டார். அப்போது வீட்டுக்காரப் பிரபு உள்ளே வருகிறார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து கவனமாகக் கேட்கிறார். அவ்வளவுதான், குளிரும் தலைவலியும் மட்டமான வாத்தியமும் மறந்துபோய் மோஸார்ட் மனம் நிறைந்து வாசித்துவிடுகிறார்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. தொகை வந்ததா இல்லையா என்ற விசாரம் அவருடைய வாசிப்பைக் கெடுக்கவில்லை. அதே கடிதத்தில் பாரிஸில் சேறு அதிகம், நடக்க முடியாது, வண்டிக்கு நாளொன்றுக்கு நாலைந்து லீவர் தண்டம், வாசித்தால் ‘அற்புதம்’ என்கிறார்கள், அத்தோடு போய்வா என்கிறார்கள் என்ற கணக்கும் இருக்கிறது. கணக்குப் பார்க்கும் மனமும் வாசிக்கும் மனமும் வேறு வேறு என்று நினைப்பவர்கள் இந்தக் கடிதத்தை இன்னொரு தரம் படிக்கலாம்.

இனி வியன்னா. 1781 ஜூனில் ஆர்ச்பிஷப்பின் உத்தியோகஸ்தர் ஒருவர் மோஸார்ட்டை ஓர் உதை கொடுத்து வெளியே தள்ள, சமஸ்தான சேவகம் முடிந்தது. ஸால்ஸ்பர்கில் அவருக்கு இருந்த சம்பளம் வருஷத்துக்கு 450 குல்டன். அந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாக நிற்கும் வித்வான் வியன்னாவில் கச்சேரி செய்யும் முறை இது: ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலத்தில் நாடகக் கொட்டகைகள் மூடிக் கிடக்கும், பெரிய மனிதர்களுக்குச் சாயங்காலம் போக்கிடம் இருக்காது. அந்தச் சில வாரங்கள்தான் சீஸன். வித்வான் ஒரு ஜாபிதாவை மாளிகை மாளிகையாகச் சுற்றுக்கு விடுவார். சந்தா கட்டச் சம்மதிப்பவர்கள் கையெழுத்திடுவார்கள். போதுமான பெயர் சேர்ந்தால் மண்டபம் பிடிக்கவேண்டும், வாத்தியக்காரர்களை அமர்த்தவேண்டும், நோட்டுகளைப் பிரதி எடுக்க ஆள் வைக்கவேண்டும், டிக்கெட்டைத் தம் வீட்டிலேயே வைத்து விற்கவேண்டும். நம் சபாக் காரியதரிசி செய்கிற வேலை அத்தனையையும் பாடுகிறவரே செய்வதாக நினைத்துக்கொள்ளலாம்.

1784 மார்ச்சில் டிராட்னர் மாளிகையில் மூன்று புதன்கிழமைக் கச்சேரிகள். அதே கட்டடத்தில்தான் மோஸார்ட் குடியிருந்தார். மூன்றுக்கும் சேர்த்துச் சந்தா ஆறு குல்டன். மார்ச் 20-ம் தேதி தகப்பனாருக்கு எழுதிய கடிதத்தில் சந்தாதாரர் ஜாபிதாவை முழுசாக எழுதி அனுப்புகிறார். 174 பெயர்கள். ரிக்டர், ஃபிஷர் என்ற இரண்டு பேருடைய சந்தாதாரர்களைக் கூட்டினாலும் தமக்கு முப்பது அதிகம் என்று பெருமை வேறு. பெருக்கிப் பார்த்தால் 1044 குல்டன். செலவு போகவேண்டும் என்பது சரியே. இருந்தாலும் உதை கொடுத்து அனுப்பிய இடத்தின் இரண்டு வருஷச் சம்பளத்துக்கு மேல், மூன்று புதன்கிழமையில்.

இந்த ஜாபிதாவை அச்சில் பார்க்கும்போது சாதாரண வாசகருக்கு அலுப்பாக இருக்கும். பிரபு இன்னார், சீமாட்டி இன்னார், தூதர் இன்னார் என்று பக்கம் ஓடுகிறது. எனக்கு அந்தப் பக்கம் புஸ்தகத்திலேயே சிறந்த பக்கங்களில் ஒன்றாகப் படுகிறது. இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, தன்னைச் சேவகத்தை விடாதே என்று மன்றாடிய தகப்பனுக்கு, வாதம் செய்யாமல், வெறும் பெயர்களாலேயே பதில் சொல்கிறான். இப்படி ஒரு பதிலைக் கற்பனை செய்ய நாவலாசிரியனுக்குத் தைரியம் வராது.

அந்தச் சீஸனில் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் ஆரம்பத்துக்குள் இருபத்திரண்டு கச்சேரி. வியாழக்கிழமைகளில் காலிட்ஸின் மாளிகை, திங்களும் வெள்ளியும் எஸ்டர்ஹாஸி மாளிகை, புதன் தமது சொந்தக் கச்சேரி. காலையில் சிஷ்யைகளுக்குப் பாடம். இதற்கு நடுவில் ஒரு நாள் கொட்டகைக் கச்சேரிக்கு ஏற்பாடு செய்திருந்தார். அதே நாளில் லீக்டென்ஸ்டைன் பிரபு தம் வீட்டில் ஒரு நாடகம் வைத்துவிட்டார். உயர்ந்த மனிதர்களும் அங்கே போய்விடுவார்கள், நல்ல வாத்தியக்காரர்களையும் அங்கே இழுத்துக்கொள்வார்கள். நோட்டீஸ் அச்சடித்து ஏப்ரல் முதல் தேதிக்குத் தள்ளிப்போட்டார். டிசம்பரில் ஒரே மாலை மூன்று சபாக்களில் கச்சேரி வைக்கும் சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

வாசிக்கப் புதிது புதிதாக வேண்டுமே, ஆகவே எழுதியாகவேண்டும் என்று அந்த மாதம் தகப்பனாருக்குச் சொல்கிறார். எழுதினார். பிப்ரவரி 9, மார்ச் 15, மார்ச் 22 என்று தேதியிட்டு மூன்று பியானோ உருப்படிகள். இன்றும் உலகமெங்கும் வாசிக்கிறார்கள். சந்தாதாரர் பழையதைக் கேட்கமாட்டார் என்ற நிர்ப்பந்தம் இல்லாவிட்டால் அந்த மூன்றும் அந்தச் சமயத்தில் பிறந்திரா. அவற்றின் பிரதிகள் வெளியே போய்விடக்கூடாது என்று எவ்வளவு ஜாக்கிரதை! மே மாதம் தகப்பனாருக்கு அனுப்பும்போது, வீட்டிலேயே உட்காரவைத்துப் பிரதி எடுங்கள், ஸால்ஸ்பர்க் பிரதிக்காரர்களை நம்பமுடியாது என்கிறார். உருப்படி திருட்டுப்போனால் அடுத்த சீஸனுக்குக் கையில் சரக்கு இருக்காது.

மறு வருஷம் லியோபோல்டே வியன்னாவுக்கு வந்து நேரில் பார்க்கிறார். இங்கே நாவல் உச்சத்தை அடைகிறது என்று சொல்லவேண்டும். 1785 பிப்ரவரி 11-ம் தேதி மாலை மேல்க்ரூபே மண்டபத்தில் முதல் சந்தாக் கச்சேரி. நூற்றைம்பதுக்கு மேல் சந்தாதாரர். கிழவர் வந்து இறங்கியபோது, அன்று மாலை வாசிக்கவேண்டிய புது உருப்படியைப் பிரதிக்காரன் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான். அவனை மேற்பார்வை பார்க்கவேண்டியிருந்ததால் கடைசி அங்கத்தை ஒரு தடவை வாசித்துப் பார்க்கக்கூட மகனுக்கு நேரமில்லை. அப்படியே மேடையேறினார். அந்த உருப்படி டி மைனர் கான்செர்ட்டோ. இதை எழுதும்போது லியோபோல்டுக்கு மண்டப வாடகையும் ஞாபகம் இருக்கிறது: கச்சேரி ஒன்றுக்கு அரை ஸவரன்தான், மலிவு. மகன் வீட்டு வாடகை வருஷத்துக்கு 460 குல்டன் என்பதும் அவர் கண்ணில் படாமல் போகவில்லை. அது பழைய சம்பளத்தைவிடப் பத்து குல்டன் அதிகம். தாம் வந்ததிலிருந்து பியானோவைப் பன்னிரண்டு தடவையாவது வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு கொட்டகைக்கும் மாளிகைகளுக்கும் போயிருப்பார்கள் என்று மகளுக்கு எழுதுகிறார். மார்ச்சில் ஒரே கச்சேரியில் வரவு 559 குல்டன். எதிர்பார்க்கவே இல்லை என்கிறார். அந்த வரியில் இருப்பது சந்தோஷமா, தோற்றுப்போன தகப்பனின் திகைப்பா? லியோபோல்ட் சொல்லமாட்டார். சொல்லாமல் விட்டிருப்பதனால்தான் அவரை நான் எழுத்தாளராக மதிக்கிறேன்.

பிறகு சரிவு. இங்கே கடிதங்களின் பெரிய குறை ஒன்றைச் சொல்லவேண்டும். வியன்னாக் காலத்தில் லியோபோல்ட் மகனுக்கு எழுதியவை அழிந்துபோய்விட்டன. கான்ஸ்டன்ஸ் கணவனுக்கு எழுதியவையும் இல்லை. டெலிபோனில் ஒருவர் பேசுவதை மட்டும் பக்கத்தில் நின்று கேட்பதுபோல் இருக்கிறது. 1787-ல் லியோபோல்டும் இறந்துவிடுகிறார். அதன்பின் கணக்கு எழுத ஆள் இல்லை. புக்பெர்க் என்ற துணி வியாபாரிக்குக் கடன் கேட்டு எழுதிய கடிதங்கள் வருகின்றன. அவை ஒன்றைப்போல் ஒன்று; படிக்கச் சங்கடமாக இருக்கிறது.

என்ன ஆயிற்று? 1787 டிசம்பரில் சக்கரவர்த்தி 800 குல்டனில் ஓர் உத்தியோகம் கொடுத்தார். ஆனால் 1788-ல் துருக்கியோடு யுத்தம் ஆரம்பித்தது. ஜாபிதாவில் இருந்த பிரபுக்கள் யுத்தகளத்துக்கோ, செலவு குறையட்டும் என்று கிராமங்களுக்கோ போனார்கள். மோஸார்ட்டும் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தார். யோசித்துப் பார்த்தால் 174 பேரும் ஒரே கூட்டம். ஒருவர் வீட்டு விருந்தில் மற்றவரைப் பார்க்கலாம். ஓர் எஜமானனை உதறிவிட்டு வந்தவர் 174 எஜமானர்களிடம் சேர்ந்திருந்தார். அவர்கள் நூற்றெழுபத்து நான்கு பேராகப் பிரிந்து போகவில்லை, ஒருமிக்கக் கலைந்தார்கள். 1789 ஜூலையில் மறுபடியும் ஜாபிதாவைச் சுற்றுக்கு விட்டார். பதினாலு நாள் சுற்றியது. திரும்பி வந்தபோது அதில் இருந்தது ஒரே பெயர்: வான் ஸ்வீட்டன்.

ஷாஃபரின் நாடகத்தில் முகமூடி போட்டுக்கொண்டு வருகிற உருவம் எனக்குப் பயத்தை உண்டாக்கவில்லை. இந்தக் காகிதம் உண்டாக்கிற்று.

அதே வருஷம் வசந்தத்தில் லிக்னவ்ஸ்கி என்ற பிரபுவோடு பெர்லின் பக்கம் சுற்றுப்பயணம் போயிருந்தார். பிரபுவோடு போனால் வண்டிச் சத்தம் மிச்சம் என்று எண்ணம். பிரபு பாதியில் விட்டுவிட்டுப் போனார். போகும்போது மோஸார்ட்டிடம் நூறு குல்டன் கடன் வாங்கிக்கொண்டு போனார்! மறுக்க முடியவில்லை என்று மனைவிக்கு எழுதுகிறார். லைப்ஸிக் கச்சேரியில் கைத்தட்டலுக்குக் குறைவில்லை, வசூல்தான் பரிதாபம். ஊர் திரும்பும்போது நீ பணத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதைவிட என்னைப் பார்த்துத்தான் சந்தோஷப்படவேண்டியிருக்கும் என்று அவளைத் தயார் செய்கிறார். மறு வருஷம் பிராங்பர்ட்டில் புதுச் சக்கரவர்த்தியின் முடிசூட்டு விழா. அரண்மனை வித்வான்களோடு அழைப்பு இல்லை. வெள்ளிச் சாமான்களை அடகு வைத்துத் தம் செலவில் போனார். அக்டோபர் 15-ம் தேதி காலை பதினொரு மணிக்குக் கச்சேரி. அன்று ஒரு பிரபு வீட்டில் பெரிய விருந்து. இன்னொரு பக்கம் பட்டாளத்தின் அணிவகுப்பு. கூட்டம் சொற்பம். மூன்று மணி நேரம் நடந்தது. சாப்பாட்டு வேளை நெருங்கிவிட்டதென்று கடைசி உருப்படியை விட்டுவிட்டார்கள். ‘கௌரவத்துக்குக் குறைவில்லை, காசுதான் குறைவு’ என்ற தோரணையில் மனைவிக்கு எழுதுகிறார். தேதி பார்த்துக் கச்சேரி வைத்த தகப்பனார் இருந்திருந்தால் அந்தத் தேதியை விட்டிருப்பாரா என்று எனக்குத் தோன்றியது.

அந்த மாதக் கடைசியில் லண்டனிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. டிசம்பர் கடைசிக்குள் வந்து, ஜூன் வரை இருந்து, இரண்டு நாடகங்களுக்கு ஸங்கீதம் எழுதித் தரவேண்டும், 300 பவுன். மோஸார்ட் போகவில்லை. ஸாலமன் என்ற கச்சேரி ஏற்பாட்டாளர் நேரிலேயே வியன்னா வந்து, டிசம்பரில் ஹைடனை அழைத்துக்கொண்டு போனார். ஐம்பத்தெட்டு வயசு ஹைடனுக்கு அங்கே நல்ல வருமானமும் பெயரும் கிடைத்தன. ஏற்பாடு செய்ய இன்னொருவர் இருந்தார், அவர் எழுதினார், வாசித்தார்.

மோஸார்ட் 1791 டிசம்பர் 5-ம் தேதி இறந்தார். ஆறு நாள் கழித்து கான்ஸ்டன்ஸ் சக்கரவர்த்திக்கு உபகாரச் சம்பளம் கேட்டு மனு எழுதினாள். ஹங்கேரியப் பிரபுக்கள் சிலர் சேர்ந்து வருஷத்துக்கு ஆயிரம் குல்டன் தருவதாகவும், ஆம்ஸ்டர்டாமிலிருந்து அதற்கும் மேல் ஒரு சந்தா தருவதாகவும் சாவதற்குச் சற்று முன்புதான் உறுதி வந்தது என்று அதில் சொல்கிறாள். ஜாபிதா வேறு ஊர்களில் நிரம்ப ஆரம்பித்திருந்தது.

கதைக்காரர்கள் கான்ஸ்டன்ஸையும் சும்மா விடுவதில்லை. பொறுப்பற்றவள், கணக்குத் தெரியாதவள் என்பார்கள். லியோபோல்டுக்கே அவளைப் பிடிக்காது. 1795-ல் அவள் கணவனுடைய ஸங்கீதத்தை எடுத்துக்கொண்டு சுற்றுப்பயணம் கிளம்பினாள். பாடகியான தமக்கை அலாய்ஸியாவையும் கூட அழைத்துக்கொண்டாள். ஆறு வருஷத்துக்கு முன் கணவனுக்கு வசூலாகாத அதே லைப்ஸிக் மண்டபத்தில் கச்சேரி வைத்தாள். 1796 பிப்ரவரியில் பெர்லினில் ராஜாவிடமிருந்து அரண்மனை நாடகக் கொட்டகையையே வாங்கி அங்கே நடத்தினாள். மண்டபத்துக்கு என்ன கொடுத்தாள், பிடில்காரர்களை எப்படிச் சமாளித்தாள், டிக்கெட்டை யார் வைத்து விற்றார்கள் என்று எழுதி அனுப்ப அவளுக்கு ஒரு ஹாகெனவர் இல்லை. இருந்திருந்தால் எமிலி அம்மாளுக்கு நாலாவது பாகம் ஒன்று கிடைத்திருக்கும்.